இடது காது

திருப்போரூர்
5.2.2024

அன்புள்ள துர்காவுக்கு,

உன் ஜானகிராமன் எழுதுவது. உன் போன் இங்கேயே கிடக்கிறது. துரை மச்சானைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

இடது காது வலி எப்படி இருக்கிறது? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விடச் சொல்கிறார் அம்மா. கடற்காற்று படாமல் துணி கட்டிக்கொள்.

நீ அண்ணன் வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. தைப்பூசத்துக்குத் தனியாகத்தான் கோயிலுக்குப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள். கோபம் போதும், வா.

உன்
ஜானகிராமன்

கடப்பாக்கம்
14.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

துர்கா எழுதிக்கொண்டது. எண்ணெய் விடவே கூடாதாம், அத்தையிடம் சொல்லுங்கள். அண்ணன் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். செவிப்பறை கிழிந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தானாகவே மூடிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

"சளி புடிச்சிருந்துச்சா? கடல்ல முழுகினியா? எதையாச்சும் வுட்டுக் குடைஞ்சியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். ஹேர்பின் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் நம்பவில்லை போலிருக்கிறது.

இரைச்சல் ஓயவில்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எதுவுமே கேட்பதில்லை.

துர்கா

திருப்போரூர்
20.2.2024

அன்புள்ள துர்காவுக்கு,

ஹேர்பின் என்று நீ சொன்னதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. நீ விவரமானவள். இங்கேயும் எல்லோரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். பஞ்சும் வாசலினும் வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனி உத்திரத்துக்குள் வந்துவிடு.

உன்
ஜானகிராமன்

கடப்பாக்கம்
22.3.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அடித்ததைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று தேடினேன்.

நீங்கள் விற்கவிருந்த மனையை வாங்க வந்தவர்கள், அங்கே தண்ணீர் நிற்குமா என்று என்னிடம் கேட்டார்கள். "மழைக்கு முட்டி வரைக்கும் தண்ணி நிக்குமுங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை சிரித்தபடி நின்றீர்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அறைந்தீர்கள்.

நேற்று மறுபடி செங்கல்பட்டுக்குப் போனோம். ஓட்டை மூடவில்லை. டாக்டரம்மா அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, "பின்னு குத்துன மாதிரி தெரியலியேம்மா. யாராச்சும் அடிச்சாங்களா?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

வெளியே வந்து அண்ணனிடமும் சொன்னேன். "இன்னா பாப்பா, இத்தினி நாளா சொல்லாம கீறியே" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூனில் ஆபரேஷன்.

துர்காதேவி

திருப்போரூர்
2.4.2024

துர்கா,

நான்தான் அடித்தேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னை மன்னித்துவிடு. இனி உன்மேல் கை ஓங்க மாட்டேன். ஆபரேஷன் அன்று நான் வரலாமா?

ஜானகிராமன்

கடப்பாக்கம்
21.6.2024

மாமாவுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. காது கேட்குமா என்பது கொஞ்ச நாள் போனால்தான் தெரியுமாம். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதாக அண்ணன் சொன்னார். உள்ளே விடாததற்கு அவரைக் கோபிக்க வேண்டாம். நான்தான் விட வேண்டாம் என்றேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். மனதார எழுதினீர்கள் என்றே நம்புகிறேன். உங்களோடு வந்துவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் ஆன மறுநாள், கட்டு மாற்ற நர்ஸ் கையைத் தூக்கினாள். நான் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டேன். "அய்யோ, நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று பதறிப்போனாள். சின்னப் பெண். பார்க்க அத்தனை சாது.

நான் இனித் திருப்போரூருக்கு வரவில்லை, மாமா. அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

துர்காதேவி