சீனச் சண்டைப் படங்களும் குமரனின் வலக்கையும்

31-10, ஐப்பசி 14, வெள்ளி

காலை முதல் தூறல். மூக்கண்டப்பள்ளித் தெரு முழுதும் சேறு. துவைத்த துணி காயவில்லை.

மகன் குமரனுக்குக் கட்டு மாற்றியாயிற்று. மணிக்கட்டோடு வலக்கை போனது புரட்டாசி 9, வியாழன். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்.

பகலெல்லாம் டி.வி.யில் தமிழ் பேசும் சீனச் சண்டைப் படங்கள். இன்று நானும் அமர்ந்தேன். பழையவற்றில் கேமரா விலகி நிற்கிறது. இருவரும் தலை முதல் கால் வரை தெரிகிறார்கள். அடி எங்கே புறப்பட்டு எங்கே விழுகிறது என்பது வெட்டின்றித் தெரிகிறது. புதியவற்றில் மூங்கில் உச்சியில் பறக்கிறார்கள். பட்டு அங்கி, மழை, மெதுவாக விழும் துளி. அழகுதான். ரத்தம் மட்டும் பெயிண்ட்.

கதை ஒன்றே. குருவைக் கொல்கிறார்கள். சீடனின் பல வருடப் பயிற்சி ஒரு பாட்டு நேரத்தில் முடிகிறது. எதிரிக்கு வெள்ளைப் புருவம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"நமக்குத்தான் அவன் யாருன்னு தெரியலப்பா," என்றான் குமரன்.

1-11, ஐப்பசி 15, சனி

வெயில். தண்ணீர் வரவில்லை.

அந்த மெஷினில் இரு பட்டன்களையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். எண்ணிக்கை ஏற வேண்டி ஒன்றை டேப் ஒட்டி அழுத்தியே வைப்பது அங்கே வழக்கம். ஷிப்டு முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அன்று முந்தைய ஷிப்டில் மூவர் மாறி மாறி நின்றிருக்கிறார்கள். எவனோ பிரிக்கவில்லை. குமரன் தகட்டைச் சரிசெய்யக் கை நுழைத்தபோது முழங்கை மற்ற பட்டனில் பட்டது. எவன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடக்கையில் சமையல் கத்தி வைத்து வீசிப் பழகுகிறான். கேட்டேன்.

"வெங்காயம் அரியறதுக்கு." பிறகு, "அவன் யாருன்னு தெரியட்டும். இந்தக் கையே போதும்."

கத்தியை அரிசி டின்னில் ஒளித்தேன். கை போயிற்று, இனி ஜெயிலுமா?

3-11, ஐப்பசி 17, திங்கள்

மீண்டும் மழை. வலி மாத்திரை தீர்ந்தது.

மாலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நாகராஜ். உடன் வேலை செய்பவன், கன்னடக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் குமரனுக்குச் சோறு ஊட்டியவன். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். உட்காரவில்லை.

"குமரா, அந்த டேப்பு... நான்தான்டா. பஸ்காரன் ஹாரன் அடிச்சிக்கினே இருந்தான். பிரிக்காம ஓடிட்டேன்."

குமரன் எழுந்து இடக்கையால் அவன் காலரைப் பிடித்தான். படமாயின் இங்கே காற்று வீசும், அங்கி பறக்கும். நாகராஜுக்கு மூக்கு ஒழுகியது.

"அடிடா."

"ஆஸ்பத்திரில பக்கத்துலயே கெடந்தியே. அப்ப சொல்றதுக்கென்ன?"

"பயம்டா."

நெடுநேரம் பிடித்தபடியே நின்றான். பிறகு விட்டான்.

"நானும் எத்தினியோ தரம் பிரிக்காம வந்திருக்கேன். உக்காரு. அப்பா, இவனுக்கு டீ போடுங்க."

பால் இருந்தது. போடவில்லை. வாசலுக்குச் சென்றேன். நாகராஜ் ஷூக்களைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன்.