பீடத்துக்கு அடியில்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
19.7.2009

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வரியைப் படித்ததும் நீ உதட்டைச் சுழிப்பாய் என்று தெரியும். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? சுழித்துக்கொள். நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

நீ மொழிபெயர்த்த புத்தகம் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்தவர் என் வீட்டுக்காரர். கடலுக்கு அப்பால் எங்கேயோ வாழ்ந்த மாயா ஜனங்களின் பழைய வாழ்க்கையும், அவர்களிடம் சிலுவையைக் கொண்டுபோன துறவிகளின் கதையும் என்று பார்த்திருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும். நல்லவேளை, அட்டையில் பூவேலைத் துணி உடுத்திய சிலுவைப் படம். யாரோ மிஷனரி சரித்திரம் போல என்று சொல்லி, அவரே அதை பைபிள் அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது உன் புத்தகம் பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. நான் அதை எடுத்துப் படிக்கும்போது சபைச் சகோதரிகள் பார்த்துவிட்டு, அக்காவுக்கு எந்நேரமும் வசனம்தான் என்று மெச்சிக்கொள்கிறார்கள்.

அபிப்பிராயம் கேட்டிருந்தாய். நன்றாக எழுதியிருக்கிறாய். சோளத்திலிருந்து தெய்வங்கள் மனிதனைச் செய்தார்கள் என்ற இடத்தைக் குழலிக்கு வாசித்துக் காட்டினேன். அப்போ நாம அரிசியாம்மா என்று கேட்டாள். ஆனால் அந்தத் துறவியைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர்களுடைய ஏடுகளைக் குவித்துக் கொளுத்தியவரே, அவர்கள் எப்படி உழுதார்கள், எப்படிப் பிள்ளை பெற்றார்கள், நாட்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றெல்லாம் உட்கார்ந்து எழுதியும் வைத்தார் என்பது எனக்குப் புரியவே இல்லை. உனக்குப் புரிந்ததா?

நீ கடைசியாக இங்கே வந்தபோது அவர் வேலை பார்த்த நூல் மில் மூடியிருந்தது. அவர் சாராயக்கடையே கதி என்று கிடந்தார். நீயே உன் கண்ணால் பார்த்தாய், வாசல்படியில் விழுந்து கிடந்தவரை நாம் இரண்டு பேரும் இழுத்து உள்ளே போட்டோம். அந்த மனுஷனை ஒரே மழைக்காலத்தில் எழுப்பி நிறுத்தியவர் இயேசு. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். எனக்கு எஸ்தர் என்று பேர் வைத்தார்கள். அவர் பேரை மாற்றவில்லை. சாமியே கிடையாது என்று மில் வாசலில் மேடை போட்டுப் பேசிய என் மாமனார் ஆசையாக வைத்த இளஞ்செழியன் என்ற பேருக்கு முன்னால் பாஸ்டர் என்று மட்டும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகைதான் சபை.

எல்லாம் எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். குழலிக்கு வலிப்பு இருப்பது உனக்குத் தெரியும். கோரிமேட்டு ஆஸ்பத்திரி மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. பிள்ளைக்கு வெகுநாளாக வரவில்லை என்றதும், ஈஸ்டர் அன்று அவர் சபையில் எழுந்து, என் மகள் சொஸ்தமானாள், இனி அவளுக்கு மாத்திரை இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டார். பொய் சொல்லவில்லை ஹேமா. கண்ணில் தண்ணீர் வழியச் சொன்னார், நம்பித்தான் சொன்னார். எங்கள் சபையில் ஒருமுறை சொன்ன சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. எடுத்தால் தேவனையே பொய்யராக்கியது போல. அடுத்த வாரமே கூட்டம் கொட்டகைக்கு வெளியே நின்றது.

நான் மாத்திரையை நிறுத்தவில்லை. சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு நானே பேர் கொடுத்தேன். நோயாளிகளுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்து ஜெபித்துவிட்டு, அதே பையில் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். வீட்டில் ஒளிக்க இடம் இல்லை. சமையலறை வரை சகோதரிகள் வருவார்கள், எந்த டப்பாவையும் திறப்பார்கள். அந்த ஜனங்கள் தங்கள் பழைய சாமி உருவங்களைப் புதுக்கோயில் பீடத்துக்கு அடியிலேயே ஒளித்து வைத்து, துறவிகள் முன்னால் மண்டியிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றைக்கே இடத்தை மாற்றிவிட்டேன். அவர் நின்று பிரசங்கம் செய்கிற மரப்பீடத்தின் அடியில், துணிக்குப் பின்னால் ஒரு பொந்து இருக்கிறது. தினம் காலையில் பீடம் துடைக்கிற சாக்கில் குழலியைக் கூட்டிப் போகிறேன். யேசப்பா பாத்தா கோச்சுக்குவாரா என்று ஒருநாள் கேட்டாள். அவருதான் காவலுக்கு நிக்கிறாரு என்று சொல்லி வாயில் போட்டேன்.

பதிலை என் சிநேகிதி வசந்தாவின் தையல் கடை முகவரிக்குப் போடு. எங்கள் வீட்டு போன் இப்போது ஜெப போன். யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

கிறிஸ்துவுக்குள் உன் சகோதரி,
எஸ்தர் (உன் செல்வி)


முதலியார்பேட்டை
27.9.2009

அன்புள்ள ஹேமாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தை வசந்தா ஜாக்கெட் துணிக்குள் சுற்றிக் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். எங்கே வருவது? அடிக்கிற புருஷன் என்றால் வரலாம். குடிக்கிறவன் என்றால் வரலாம். இவர் என்னைக் கைநீட்டி அடித்ததெல்லாம் குடித்த காலத்தில். இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைக்கிறார். குழலிக்குத் தலை பின்னிவிடுகிறார். யாரிடம் போய் என்ன சொல்லி அழுவேன்?

சிரிக்க ஒரு சங்கதி. போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மாயன் காலண்டர் முடிகிறது, 2012-இல் உலகம் அழியும் என்று அஞ்ஞானிகளே எழுதி வைத்திருக்கிறார்கள், மனந்திரும்புங்கள் என்று மைக் பிடித்துக் கத்தினார். ஜனங்கள் அழுதார்கள். அப்படி யாரும் எழுதவில்லை, ஒரு பெரிய சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குகிறது, அவ்வளவுதான் என்று விளக்கிச் சொல்லும் உன் புத்தகம் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது. நானும் எல்லோரோடும் சேர்ந்து அல்லேலூயா சொன்னேன். வேறு என்ன செய்வது?

சிரிப்பு அதோடு போயிற்று. நோணாங்குப்பத்திலிருந்து வீராயி என்று ஒருத்தி சபைக்கு வருகிறாள். அவள் புருஷன் மண்ணாங்கட்டி அங்கே படகுத் துறையில், பாரடைஸ் பீச்சுக்கு ஆள் ஏற்றிப்போகிற படகில் வேலை செய்கிறான். அவனுக்கும் வலிப்பு உண்டு. குழலியின் சாட்சியைக் கேட்டுத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். போன ஞாயிறு கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரய மொத்தமா ஆத்துல கொட்டிட்டேங்க்கா, ஒங்க பாப்பாவுக்கு செஞ்சவரு எங்களுக்குச் செய்ய மாட்டாரா என்றாள். முகமெல்லாம் அப்படி ஒரு பூரிப்பு. என் பின்னால் துணி மூடிய பீடம். அதற்கு அடியில் குழலியின் மாத்திரை.

நான் ஒன்றும் சொல்லவில்லை ஹேமா. சொன்னால் என் புருஷன் ஊரறியப் பொய்யராவார். மறுபடி சாராயக்கடைக்குப் போவார் என்ற பயம் எனக்கு. சொல்லாவிட்டால் அந்த மனுஷன் தண்ணீரின் மேல் நின்று பிழைக்கிறவன். ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. நான் யாரிடம் ஜெபிக்கிறேன் என்றே இப்போதெல்லாம் குழப்பமாக இருக்கிறது. எங்கள் வீட்டை எழுப்பிக் கொடுத்தவரிடமா, மாத்திரையைக் கண்டால் கோபித்துக்கொள்வார் என்று இவர்கள் சொல்கிறவரிடமா? இரண்டு பேரும் ஒருவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. நீ எதையும் நம்பாதவள். உன்னிடம்தான் இதைக் கேட்க முடிகிறது.

வீராயி வீட்டுக்கு ஒருநாள் போய்த் தனியாகப் பேசலாம் என்று இருக்கிறேன். ஆனால் தனியாக என்னை எங்கேயும் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி ஊழியத்துக்குக்கூட இப்போது கூடவே இன்னொரு சகோதரி வருகிறாள். அவளைப் பிரசுரம் கொடுக்க ஒரு வார்டுக்கு அனுப்பிவிட்டு மாத்திரை வரிசைக்கு ஓடுகிறேன்.

உன் அம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறாய்? எழுது. ஒழுங்காக மருந்து சாப்பிடச் சொல்.

அன்புடன்,
செல்வி


முதலியார்பேட்டை
12.11.2009

என் ஹேமாவுக்கு,

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். இங்கே மழை. கொட்டகைக்குள் தண்ணீர் நிற்கிறது. வசந்தா கடையில் அவள் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், பட்டன் கட்ட வந்ததாக வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மண்ணாங்கட்டிக்கு வந்துவிட்டது. படகு திரும்பித் துறையில் ஒதுங்கும்போது வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்திருக்கிறான். இடுப்பளவு தண்ணீர். மற்ற படகுக்காரர்கள் குதித்துத் தூக்கிவிட்டார்கள். நடு ஆற்றில் வந்திருந்தால் யார் தூக்கியிருப்பார்கள்? நெற்றியில் தையல். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டோடு அவனைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள் வீராயி. இவர் அவன் தலையில் கை வைத்து, உன் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது, சந்தேகத்தை விட்டுவிடு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பெரிய ஆள் குழந்தை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிடுங்க பாஸ்டரய்யா, இனிமே சந்தேகப்பட மாட்டேன் என்றான்.

இப்போது நான் எழுதப்போவதை நிதானமாகப் படி. மழையினாலும், கூட வருகிற சகோதரிக்குக் காய்ச்சல் என்பதாலும் இந்த முறை என்னால் கோரிமேட்டுக்குப் போக முடியவில்லை. குழலியின் மாத்திரை தீர்ந்துபோகும் நாள் நெருங்கியது. எனக்குத் தூக்கமே இல்லை. திங்கட்கிழமை காலையில் பீடத்தின் அடியில் கையை விட்டால் புது மாத்திரை அட்டை ஒன்று தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் காகித உறையில் உதிரியாகக் கொடுப்பார்கள். இது கடையில் வாங்கியது, பளபளப்பான அட்டை. அதே மருந்து. மழைச் சாரல் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். மில்லில் நூல் அறுந்தால் போடுகிற முடிச்சு. இந்த வீட்டில் அதைப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

எனக்கு முதலில் அழுகை வந்தது. இத்தனை நாள் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்தேனே, இவரும் கூடவே சுமந்திருக்கிறார் என்று. என் பிள்ளைக்காக ஒரு தகப்பன் யாருக்கும் தெரியாமல் மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கிறான். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மழ வுடற மாதிரி தெரியல என்றார். ஆமாங்க என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

கோபம் அப்புறம்தான் வந்தது. நம்பிச் சொன்னவர் என்று நினைத்திருந்தவரை எனக்கு மன்னிக்கத் தெரியும். பீடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதன் மேல் கையை ஊன்றி நின்று, இன்னொருத்தி புருஷனைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொன்னாரே, அதை எப்படி மன்னிப்பது? அந்தத் துறவியை எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது ஹேமா. ஒரு கையால் எரித்துக்கொண்டே இன்னொரு கையால் காப்பாற்றி வைக்க மனுஷனால் முடியும். ஆனால் எரிந்துபோன ஏடுகள் எரிந்துபோனவைதானே.

அவரிடம் பேசிப் பார்த்தேன். மண்ணாங்கட்டியிடமாவது சொல்லிவிடுங்கள் என்றேன், எதைச் சொல்லவேண்டும் என்று சொல்லாமலே. அவருக்குப் புரிந்தது. நான் பீடத்த வுட்டு எறங்கிட்டா இவங்களுக்கெல்லாம் யாரு இருக்கா செல்வி என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னைச் செல்வி என்று கூப்பிட்டார். மில் மூடியபோது இதே குரலில்தான் பேசினார். அவரும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார், வெளியே வரும் கதவு அவருக்குத் தெரியவில்லை.

வருகிற ஞாயிறு எனக்குச் சாட்சி முறை. எழுந்து நின்று பீடத்துத் துணியைத் தூக்கிக் காட்டப்போகிறேன். குழலிக்கு ஒருநாளும் மாத்திரை நிற்கவில்லை, அவளைக் காப்பாற்றியது தேவன்தான், அந்த மாத்திரையின் வழியாகக் காப்பாற்றினார், வீராயி, உன் புருஷனை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொல்வேன். அட்டையை வாங்கியது யார் என்று சொல்லமாட்டேன். அதை அவரே சொன்னால் உண்டு. இதை முடிவு செய்த பிறகுதான் என்னால் ஜெபிக்க முடிந்தது. வார்த்தை தடையில்லாமல் வந்தது. யாரிடம் என்ற குழப்பம் அன்றைக்கு வரவில்லை.

அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று தெரியாது. சபை கலைந்துபோகலாம். கல்லெறிவார்களோ, அழுவார்களோ. அவர் என் பக்கத்தில் வந்து நிற்பாரா, திரும்பிக்கொண்டு சாராயக்கடைப் பக்கம் நடப்பாரா? அவர் மேல் எனக்கு இன்னும் பிரியம்தான்.

உன் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு வருகிறேன். யாராவது எடுத்துப் படிக்கட்டும்.

நீ யாரிடமும் வேண்டிக்கொள்ளாதவள். உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் மட்டும் எங்களை நினைத்துக்கொள், போதும். உன் வீட்டு மாடியறையில் இப்போது யாராவது இருக்கிறார்களா? பதில் எழுத நேரமில்லை. திங்கட்கிழமை காலை கோயம்புத்தூர் பஸ் வந்து நிற்கும்போது வந்து பார். அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினால் ஒன்றும் கேட்காமல் கூட்டிப்போ. மூன்று பேர் இறங்கினால், அந்த மூன்றாவது ஆளிடமும் ஒன்றும் கேட்காதே.

என்றும் உன்,
செந்தமிழ்ச்செல்வி