நாலாம் எண்ணுக்குக் கீழே இடமில்லை

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் அலமுதான் முந்திக்கொண்டாள். நான் வார இதழைப் பிரிப்பதற்குள் போன். "ஏழு சொல் போட்டாச்சு. நீ இன்னும் சட்னியே அரைக்கலியா?" அவள் இருப்பது வரதர் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரம், நான் பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் தமிழ் டீச்சர் ஆனாள், நான் பட்டுச்சேலைக்கு டிசைன் வரைகிறவள் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்து மட்டும் இன்னும் எங்கள் இருவருக்கும் பொது.

கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. வழக்கமாகப் புதிர் அமைப்பவர் ஓய்வு பெறுகிறாராம். வாசகர்கள் அவரவர் ஊரை வைத்து ஒரு புதிர் அமைத்து அனுப்பலாம். தேர்வானால் பெயருடன் வெளியிடுவார்கள்.

பெயருடன்.

எத்தனை மயில், எத்தனை அன்னம், எத்தனை யாளி வரைந்திருப்பேன்! எல்லாம் யார் யாரோ கல்யாணத்தில் சுற்றி வந்துவிட்டன. எதிலும் என் பெயர் கிடையாது. வீட்டுக் கரண்ட் பில்கூட மாமனார் பேரில்தான் வருகிறது. எனக்கு இந்தப் பக்கம் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்ப வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கட்டம் போட்டேன். சேலைக் கரைக்குப் போடுகிற அதே சாப்ட்வேர், அதே கை. மளமளவென்று வந்தது. கோயில் இட்லி வேகிற மூங்கில் குடலை வந்தது, மாமரம் வந்தது, வேகவதி ஆறு வந்தது.

வீட்டில் காட்டினேன். இவர் ஏனாத்தூர்க் காலேஜ் பஸ்ஸை ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க பஸ் ஸ்டாண்டைக் காணோமே மஹா?" என்றார். என் வீட்டுக்காரர் குமரகுருவுக்கு ஊர் என்றால் பஸ் ஸ்டாண்டுதான். அவருக்காக அதையும் ஒரு மூலையில் சேர்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தலை வலிக்கிறது. எல்லாம் அலமுவால்.

அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்துச் சொல், பிறகு அனுப்பலாம் என்றேன். முதல் சண்டை இந்தக் குறிப்பில்: 'காஞ்சிக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள் (3).' பட்டு என்று குழந்தை சொல்லும். அலமு பல்லி என்று எழுதி வைத்திருக்கிறாள்!

"வரதர் கோயில்ல படியேறி தங்கப் பல்லியைத் தொடாம யாருடி போறாங்க?"

"பட்டைத் தொடாம யாரு போறாங்க?"

"வாங்கற காசு இருக்கறவங்கதான் தொடுவாங்க. பல்லியை எல்லாருந்தான் தொடறாங்க."

அவள் சொன்னது சரிதான். அது வேறு எரிச்சல். பெரிய காஞ்சிபுரத்துக்காரி புத்தி, உனக்கு வரதர் கண்ணிலேயே பட மாட்டார் என்றாள். இதுவரை விளையாட்டுதான்.

பிறகு மேலிருந்து கீழ். "இதுல ஒண்ணுகூட உக்கார மாட்டேங்குது மஹா. நாலாம் எண்ணைப் பாரு, அடிக்கட்டத்துல கெடக்குது. அதுக்குக் கீழ கறுப்பு. எங்க எழுதறது? சரி, நீதான் எண்ணை எடம் மாத்திப் போட்டிருப்பேன்னு மேலருந்து குடலைன்னு எழுதினா, குறுக்கால மாலை வர்ற எடத்துல மாகு வருது. மாகுன்னா இன்னா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. கு, ட, லை. மாலையில் அந்த லை அழகாக உட்கார்ந்திருக்கிறது. இது எப்படித் தெரியாமல் போகும்?

"தாளைத் தலைகீழா பிடிச்சுக்கினு இருந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

முகம் சட்டென்று மாறியது. "தினம் அறுபது பசங்களுக்குத் தமிழ் சொல்லித் தர்றேன். எனக்குப் படிக்கத் தெரியாதா?" காபி போடுகிறேன் என்று உள்ளே போனவள் காபி இல்லாமலே திரும்பி வந்தாள். நானும் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஒரு புள்ளியும் மாற்றாமல் அனுப்பிவிட்டேன். பல்லியாம்!

ஜூலை 20, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தனியாகவே எல்லாம் போட்டு முடித்தேன். ஒரு சொல்கூட மிச்சமில்லை. என்ன பிரயோசனம்? போட்டுவிட்டேன் என்று யாரிடம் பீற்றிக்கொள்வது? இவரிடம் காட்டினால், "சரி, அந்த டார்ச்சு எங்க?" என்கிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றுகிற இடத்தில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தபோது பத்திரிகையிலிருந்து போன். தேவிப்ரியா என்று ஒரு பெண், உதவி ஆசிரியர். சந்துக்குள் ஓடிப்போய்க் காதில் வைத்தேன்.

குறிப்புகள் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். பட்டு, மாமரம் எல்லாம் பிரமாதமாம். "ஆனா மேலிருந்து கீழ் ஒண்ணுமே பொருந்தலையே மேடம். நாங்க மூணு பேர் போட்டுப் பார்த்துட்டோம். புதன்கிழமைக்குள்ள சரிபண்ணி அனுப்பினா பார்க்கலாம். இல்லன்னா வேற ஊரைப் போட்டுடுவோம்."

வேற ஊர். மூணு பேராம். அலமுவைச் சேர்த்தா நாலு. நாலு பேருக்கும் கண்ணு தெரியலன்னா நெனைக்க முடியும்? அப்ப எனக்குத்தானே இன்னாவோ தெரியல? ஆனா எங்க தப்பு? எத்தனை தடவை பாத்தாலும் சரியாத்தானே இருக்குது! இவர்கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உன் வேகவதி மலை ஏறுதும்மா" என்றார். கேலி பண்ண நேரம் பார்த்தாரே. அழுதுட்டேன். பாவம், பயந்துபோய் டீ வாங்கிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 2, சனி

கிடைத்துவிட்டது!

ஆபீஸில் யாளிக் கரை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துத்தான் தறிக்கு டிசைன் சொல்லும் ஓட்டை அட்டை அடிப்பார்கள், ஒரு கட்டம் பிசகினால் யாளிக்கு மூக்கு போய்விடும். வழக்கம்போல் அடி வரிசையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று மேலே ஏறினேன். பாதத்திலிருந்து தொடங்கி முழங்கால், வயிறு. விரல் அப்படியே நின்றுவிட்டது.

தறியில் துணி அப்படித்தானே வளரும்? முதலில் நெய்த இழை கீழே, அடுத்தது அதற்கு மேலே. அதனால் நாங்கள் வரைகிற கட்டத்துக்கு முதல் வரிசை என்பது எப்போதும் அடி வரிசை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு நாளும் கீழிருந்து மேலே எண்ணிய கை, குறுக்கெழுத்தையும் அப்படியே போட்டிருக்கிறது. கண்ணும் அப்படியே படித்திருக்கிறது. கு அடியில், லை உச்சியில். எண் போட்டதும் அடியிலிருந்துதான். தலைப்பு மட்டும் ஊரோடு ஒத்து 'மேலிருந்து கீழ்'.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். முதலாளி அர்ஜுனன் எட்டிப் பார்த்து, "இன்னாமா, யாளிக்கு ரெண்டு வாலா?" என்றார்.

தலைகீழாகப் பிடித்தது நான். அலமு இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போன் பண்ணாமல் நேரே போய் நின்றேன். அவள் கதவைத் திறந்ததும், "குடலை கீழருந்து மேல போவுதுடி. உன் பேர்ல தப்பே இல்ல. அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். தாளை எடுத்து வந்தாள். கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன், பத்திரமாக வைத்திருக்கிறாள். அடியிலிருந்து விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். குடலை. மாமரம். வேகவதி. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இன்று காபி நிஜமாகவே வந்தது.

கட்டத்தை நிமிர்த்திப் போட்டு நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"நிமித்தாத."

"இன்னாது?"

"நிமித்தினா இது எல்லா ஊரு புதிர் மாதிரியும் ஆயிடும். இப்படியே விடு. தலைப்பை மட்டும் மாத்து. குறுக்குல போற இழை ஊடை, நெடுக்குல போறது பாவு. தறியில துணி வளர்ற மாதிரி பாவுச் சொல்லை அடியிலருந்து நிரப்பணும்னு மேல ஒரு வரி எழுது."

ஏன் எனக்குத் தோன்றவில்லை? பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் விடுவேனா? வெளியூர்க்காரருக்குப் பாவும் ஊடையும் எப்படித் தெரியும் என்று வாதாடினேன். அதற்குத்தான் அந்த ஒரு வரி என்றாள். பட்டுக் குறிப்பை மறுபடி எடுத்தாள். வெயில் சாயும்வரை இழுத்து, கடைசியில் 'வாங்குகிறவர் தடவிப் பார்ப்பது' என்று மாற்றினேன். பல்லிக்குத் தனியாக ஒரு மூலை கொடுத்தேன். அதற்காக என் பஸ் ஸ்டாண்டு போயிற்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அனுப்பினேன். அனுப்புகிறவர் பெயரை ஒருமுறை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தேவிப்ரியா: "இந்த வாட்டி மூணு பேரும் போட்டுட்டோம் மேடம்! சண்டை போட்டுக்கிட்டே போட்டோம்." எந்தச் சொல்லுக்குச் சண்டை என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே போய் நின்றேன். கடைசிப் பக்கம். கட்டம், என் கட்டம், அடியில் ஒன்றாம் எண்ணோடு. நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட வந்த இவர் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு பிரதி கூடுதலாக வாங்கினார். பஸ் ஸ்டாண்டு போனதை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் போன். எதிர்முனையில் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும்.

"அலமு?"

"அமைப்புன்னு போட்டு ரெண்டு பேரு இருக்குதே மஹா."

"ஆமா."

"உனக்குன்னு வேணும்னு எத்தனை ஆசைப்பட்ட?"

"இப்பவும் எனக்குன்னுதான் இருக்குது. நீ சொல்லலன்னா நான் நிமித்தி அனுப்பியிருப்பேன்."

மறுபடி மூக்கை உறிஞ்சினாள். பிறகு டீச்சர் குரல் வந்துவிட்டது. "அதுக்காக என் பேரை மேல போட்டு, உன் பேரைக் கீழ போடுவாங்களா? புதிர் உன்னுதுடி."

"இது நம்ம புதிரு அலமு," என்றேன். "அடியிலருந்து படி."