ஆறாம் கட்டில் திரையில் இல்லை

மச்சான்,

இன்று காலை ஆஸ்பத்திரியில், கணினிகளை இணைக்கும் புதிய சுவிட்சின் பெட்டியைப் பிரித்தேன். புதுப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. பாலாவியில் லொறி மோதி நீ இறந்து ஒரு நோன்பு மாதமும் கடந்துவிட்டது. இந்த வேலையை நீயில்லாமல் செய்வது இதுதான் முதல் தடவை.

நாம் இதை முதன்முதலில் சேர்ந்து செய்தது, யுத்தம் முடிந்து இந்தக் கரையோர ஆஸ்பத்திரிகளுக்குக் கணினிகள் வந்துசேர்ந்த காலத்தில். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த வீட்டுப் பிள்ளை நீ. நான் தலவிலக் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஒரே கம்பனியில் வயர் இழுத்தோம். அப்போது எங்களை அனுப்பிய ஓர் ஆஸ்பத்திரியில் கணக்கு அறையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வலையமைப்பில் கிடந்தன. ஓரிடத்தில் வைரஸ் புகுந்தால் எல்லாம் படுத்துவிடும். பிரித்துத் தரச் சொன்னார்கள். ஒரு கருவியின் ஐபி முகவரி எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று பார்த்து, அதற்குரிய விலானில், அதாவது தனி வலைப் பிரிவில், சுவிட்சே அதைச் சேர்த்துவிட வேண்டும். அதற்கான விதிகளை இருவருமாக எழுதினோம். நான் என்டரைத் தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதி மிஸ் ஓடிவந்தார்.

"தம்பிமார், என்ன செஞ்சீங்க? மேசை ஸ்க்ரீன்ல ஆறாம் கட்டிலக் காணேல்ல!"

ஆறாம் கட்டிலில் மாரடைப்போடு வந்த ஆலங்குடா மீனவர் ஒருவர் தனி அறையில் கிடந்தார். கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதவு மூடிய அந்த அறையில் அது கத்தினாலும் மிஸ்மாரின் மேசைக்குக் கேட்காது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழையபடி திருப்பினால் மற்றக் கட்டில்களும் திரையிலிருந்து போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

"நான் கட்டிலடிக்குப் போறன். போன வெட்டாம வை, கண்ணால பாத்துச் சொல்றன்" என்றாய்.

"எனக்குக் கை ஓடுதில்ல மச்சான்."

"எனக்கும் பயமாத்தான் இரிக்கி. பயத்தோடயே அடி."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தேடினேன். அந்த இயந்திரத்துக்கு மட்டும் யாரோ எப்போதோ வேறு தொடரில் முகவரி கொடுத்திருந்தார்கள். எங்கள் விதிக்குள் அது அகப்படவில்லை. கண்டுபிடித்த அந்த நொடியில் போனில் உன் அலறல் கேட்டது.

"மிஸ்! துடிப்பு எறங்குது! ஓடி வாங்க மிஸ்!"

ஓடும் காலடிகள். ஏதோ உலோகம் விழுந்த சத்தம். பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. அந்த மீனவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். அந்த முகவரியையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் விலானில் சேர்க்கும் விதியை அடித்துவிட்டு, அங்கே ஓடிவந்தேன்.

டொக்டர் அவருடைய நெஞ்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் கோடு ஏறி ஏறி ஓடியது. நீ சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாய். சேர்ட் முழுக்க வியர்வை.

"ஆரும் பக்கத்துல நிக்காட்டி மௌத்தாப் போயிருப்பாருடா" என்று சொல்லிவிட்டு அழுதாய். நானும் உன் பக்கத்தில் குந்தினேன். அந்த மனிதர் பிறகு குணமாகி, தன் காலாலேயே நடந்து ஆலங்குடா வீட்டுக்குப் போனார்.

இன்று என்டருக்கு மேல் விரலை வைத்துவிட்டு அடிக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற இளம் மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன அண்ணே, பயமா?"

"ஓம் மிஸ், பயம்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்துல ஒராளப் போய் நிக்கச் சொல்லுங்க. நிண்ட பிறகுதான் அடிப்பன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார்.