மேற்கோள் பட்டியலில் என் பெயர்

என் தேனு தாயிக்கு,

போன வாரம் நம் ஜெராக்ஸ் கடையில் என் பெயரை நானே பைண்டிங் போட்டேன். மேலூரிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து, எதிரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற கௌசல்யா தன் ஆய்வேட்டைக் கொண்டு வந்திருந்தாள். பக்கம் மாறியிருக்கிறதா என்று புரட்டிக்கொண்டே போனேன். கடைசியில் மேற்கோள் பட்டியலில் இருந்தது: மாயாண்டி, டி.

"இது யாரும்மா?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"குவாண்டம் கம்ப்யூட்டர்ல பிழை திருத்துறதப் பத்தி எழுதுனவருண்ணே. இவரு வழியத்தான் நானும் எடுத்திருக்கேன். எங்க லேப்ல எல்லாரும் மாயாண்டி முறைன்னுதான் சொல்வோம்."

பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட மாயாண்டி நான். அந்த 'டி' தேன்மொழி என்றும், அது ஒரு பெண் என்றும், இந்தக் கடையில் உட்கார்ந்து படித்தவள் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஆய்வேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை மறுபடி படித்தது.

தப்பு என்னுடையதுதான் தாயி. வெளிநாட்டில் உனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது, பாஸ்போர்ட்டுக்குப் படிவம் நிரப்பியவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு நிரப்பிக் கொடுப்பவன் மகளுக்கு நிரப்ப மாட்டேனா? குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் திருப்பிவிடுவார்களோ என்று பயந்து என் பெயரைப் போட்டேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அங்கே போனதும் உன்னை டாக்டர் மாயாண்டி ஆக்கிவிட்டார்கள். நம் வழக்கத்தில் அப்பன் ஒற்றை எழுத்தாகப் பிள்ளைக்கு முன்னால் நிற்பான். அவர்கள் பட்டியலில் நான் முழுசாக நிற்கிறேன், நீ ஒற்றை எழுத்தாகிவிட்டாய். மதுரையில் இருந்தபோது எம். தேன்மொழி என்று எழுதினாயே, அந்தக் கட்டுரைகள் வாழை நோய் பற்றி எழுதும் வேறு ஒரு தேன்மொழியின் இணையப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தம்மாவுக்கே தெரியுமோ என்னவோ.

"லீவுக்கு வாரேன்ல, அப்ப உக்காந்து எல்லாத்தையும் மாத்திருவோம்ப்பா" என்று போனில் சொன்னாய். வந்தாய். பத்தாம் நாள் காய்ச்சல், டெங்கு என்றார்கள். பெயரைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்?

போன வாரம் பைண்டிங் போட்ட அன்று சாயங்காலம் கௌசல்யா கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எவ்வளவோ பார்த்தாள். உன் கட்டுரைகள் வரிசையாக இருக்கும் இணையப் பக்கத்தைத் திருத்தக் கடவுச்சொல் வேண்டும். அது உன் பழைய பல்கலைக்கழக மெயிலுக்குப் போகும். அந்த மெயிலை அவர்கள் மூடிவிட்டார்கள். உன் முக்கியமான கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தோம். முந்தாநாள் பதில் வந்தது. பெயரை மாற்ற ஆசிரியரே கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். இரங்கலும் சொல்லியிருந்தார்கள். நான் எங்கே போய் உன் கையெழுத்தை வாங்குவேன்?

ஒருநாள் கடையில் நீ சொன்னது ஞாபகம் வருகிறது. "அந்தக் கம்ப்யூட்டர்ல தப்பத் திருத்தணும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கக் கூடாதுப்பா. பாத்தா கெட்டுப் போகும்." "பாக்காம எப்புடித்தா திருத்துறது?" என்று கேட்டேன். "அதுக்குத்தான என்னைய வச்சிருக்காக" என்று சிரித்தாய். எனக்கு இப்போது தப்பு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. தினமும் எட்டியும் பார்க்கிறேன். திருத்தத்தான் தெரியவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உன் பக்கத்தைத்தான் திறக்கிறேன். உன்னை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நீ போய்விட்டாய் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல. மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் உன் அம்மா, "இன்னைக்கி எம்புட்டு?" என்று கேட்பாள். சொன்னால் அழுகிறாள். சொல்லாவிட்டாலும் அழுகிறாள். ஊர் ஊராக உன்னைப் படிக்கிறார்கள், ஒருவருக்கும் உன் பெயர் தெரியாது. அப்பன் பேரைக் காப்பாற்றிய பிள்ளை என்பார்களே, நீ காப்பாற்றிவிட்டாய். உன் பேரை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

என் கைக்கு எட்டுவது கடைப் பலகை மட்டும்தான். நாளைக்குப் பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் அதில் என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் எழுத்து இருந்தது. அவர் இடம் விடுவார், கோபித்துக்கொள்ள மாட்டார். பேங்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. என்ன எழுத்து இது என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் கேட்கட்டும். கேட்கிறவர்களிடமெல்லாம் உன் முழுப்பெயரைச் சொல்வேன். நான் இருக்கும்வரை அந்த எழுத்து அங்கேயே இருக்கும்.

உன் அப்பா,
தே. மாயாண்டி