ஃபியர் என்ற சொல்லும் உன் வாய்வும்

மச்சான்,

இன்று காலை எங்கள் பழைய எஸ்-பான் ரயில் மேடையின் கடைசியில் நின்றேன். தண்டவாளத்தருகே அந்த மஞ்சள் பலகை இன்னும் இருக்கிறது: 'லேபென்ஸ்கெஃபார்', ஜெர்மன் மொழியில் உயிராபத்து. பார்த்ததும் நெஞ்சு இறுகியது. வந்த ரயிலில் ஏறாமல் விட்டுவிட்டேன். இதயம் பார்க்கும் டொக்டரிடம் இன்று எனக்கு டெர்மின், சந்திக்கக் குறித்த நேரம். மகள் எடுத்துத் தந்தது. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. மனைவியிடம் வாய்வு என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். உன்னிடம் பழகிய பொய்.

அந்தப் பலகையைக் காட்டித்தானே நீ அன்று சொல் ஆராய்ச்சியை ஆரம்பித்தாய். ஹோட்டல் குசினியில் சட்டி கழுவி முடித்து இருவரும் ரயிலுக்கு நிற்போம். ஊரில் ஆங்கிலம் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா?

"இந்தக் கெஃபாரும் இங்கிலிசில இருக்கிற ஃபியரும் ஒரு வயித்துப் பிள்ளையள், மச்சான். ஆதியில ஃபியர் எண்டா மனசுக்குள்ள இருக்கிற பயம் இல்லை. வெளியில இருந்து திடீரெண்டு வந்து விழுற ஆபத்து. பிறகுதான் அந்தச் சொல் உள்ளுக்கு வந்து பயமாச்சு."

ஒருவனை வெருட்டுவதற்கும் ஒரு காலத்தில் அதே சொல்தானாம். உன் அம்மா சேர்ச்சில் கேட்டு வளர்ந்த தேவபயமும் அதுதான். அங்கே நடுக்கத்தைவிடப் பணிவு கூட. "வெள்ளைக்காரன், ஆள் வீட்டில இல்லை எண்டு சொல்லவும் முன்னால ஒரு 'ஐ ஃபியர்' போடுவான். அதில ஒரு பயமும் இல்லை, வெறும் மரியாதை," என்று சிரித்தாய்.

"அப்ப எங்கட பயம் இதில எது?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு எல்லாம் கலந்த சாம்பார்தான்," என்றாய்.

உண்மைதான். ஊரில் செல் குண்டு கூவிக்கொண்டு வந்தால் பங்கர் குழிக்குள் ஓடினோம். இங்கே அகதி முகாமில் விடியற்புறம் கதவு தட்டினால், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று மூச்சை அடக்கிக் கிடந்தோம். அப்போதெல்லாம் ஆபத்து கதவுக்கு வெளியேதான் நின்றது.

பிறகு ஒருநாள் குசினியில் நீ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முகமெல்லாம் வேர்வை.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சும்மா இரடா. வாய்வு. இஞ்சித் தேத்தண்ணி குடிச்சா ஏவறையோட போயிடும்."

"பயப்படுறியோ?"

"ஓம், பயம்தான். போனா நெஞ்சை வெட்டுவாங்கள். பிறகு வேலை செய்ய ஏலாது."

மன்றாடினேன், ஏசினேன். கேட்டாயா? வீட்டுக்குப் போய்ப் படுத்தாய், எழும்பவில்லை. செத்த வீட்டில் உன் மனைவி என் கையைப் பிடித்து, "அண்ணை, அவர் எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா இழுத்துக்கொண்டு போயிருப்பனே," என்று அழுதார். உலகத்துச் சொல்லுக்கெல்லாம் பூர்வீகம் சொன்ன உனக்கு, நெஞ்சு நோகுது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லையே, விசரா! இன்றுவரை எனக்கு உன்மேல் கோபம்தான்.

இன்று எனக்கு ஓடி ஒளிய ஒரு பங்கரும் இல்லை. ஆபத்தும் பயமும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கின்றன. எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த ரயிலும் வந்து போனது. வீட்டுக்குத் திரும்பிப் போய் இஞ்சி இடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு உன் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சரும், இது வாய்வு இல்லை. நெஞ்சு நோகுது. எனக்குப் பயமா இருக்கு."

எங்கே நிற்கிறேன் என்று கேட்டாள். பிறகு, "அங்கயே இருங்கோ. நான் வாறன்," என்றாள்.

வந்துவிட்டாள். டொக்டரின் அறைக்கு வெளியே என் பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய கை என் கையைவிடக் குளிர்ந்துபோய் இருக்கிறது. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், மச்சான். நீ செத்த அன்று எனக்குள் வந்த பயம் இன்னும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.