தாழியை உடைத்தவர் பெயர்

என் பாசத்துக்குரிய அப்பா,

நீ போன பிறகும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சேதி. ஒரகடத்தில் ஷிப்டு முடிந்ததும் வாரத்தில் இரண்டு நாள் சுங்குவார்சத்திரத்தில் இறங்கிக்கொள்கிறேன். அங்கே டீக்கடை மாடியில் ஒரு சின்னக் குழு இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய கல், குளம், கல்வெட்டு எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அவர்கள் போடும் சின்னப் பத்திரிகைக்குச் சம்பளமில்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். "எழுதினா சோறு போடுமா?" என்று கேட்பாய். போடாது. அதைக் கம்பெனி கேண்டீன் பார்த்துக்கொள்கிறது.

இந்த முறை நம் ஏரிக்கரை மேட்டைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. மேட்டில் பாதி எப்போதோ குடோன் ஆகிவிட்டது. மீதிப் பாதியில், அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி நட்ட கல்வட்டங்கள் இன்னும் நிற்கின்றன. அதையும் மட்டமாக்கப் போகிறார்கள். கேட்டால், "அங்க ஒண்ணுமே இல்லியே" என்கிறார்கள். இருந்ததைச் சொன்னவன் நீ ஒருவன்தான், அதுவும் வீட்டுக்குள் மட்டும்.

முதல் பாதியை உன் ஜேசிபிதானே தோண்டியது? பெரிய பெரிய தாழிகள், உள்ளே எலும்பு. காண்டிராக்டர் "வாய மூடிக்கினு ஓட்டு" என்றதும் வண்டியின் மண் அள்ளும் வாளியை இறக்கினாய். ஏழோ எட்டோ உடைந்தன. ஒரு தாழியின் அடித்துண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். போன மாதம் வரை அம்மா அதில்தான் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். அதை ஏன் கொண்டுவந்தாய் அப்பா? கடைசிவரை சொல்லவில்லையே.

நான் எழுதியதைப் படித்த குழுச் செயலாளர் தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, 'யாரோ மண்ணு எடுக்க சொல்லோ உடைஞ்சி போச்சி'ன்னு போட்டுடேன். அப்பா பேரு இன்னாத்துக்கு?"

"யாரோன்னு போட்டா யாருமே பாக்கலன்னு ஆயிடும் சார். பேரோட போடுங்க. இல்லாங்காட்டி என் கட்டுரையே வாணாம்."

வீட்டில் அம்மாவுக்கு இரண்டு நாள் கோபம். "செத்த மனுசன் மானத்த ஏண்டி சந்தி சிரிக்க வைக்கிற?" என்றாள். மூன்றாம் நாள் காலை அவளே கோழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தாழித் துண்டைத் தேய்த்துக் கழுவி என் கம்பெனிப் பைக்குள் வைத்தாள். "எட்து காட்டு. கண்ணால பாத்தாதான் நம்புவானுங்க."

கட்டுரை உன் பெயரோடு அச்சாகிவிட்டது. தாலுக்கா ஆபீசில், மீதி மேட்டை மட்டமாக்கக் கூடாது என்ற மனுவோடு சேர்த்து அந்தத் துண்டையும் மேசைமேல் வைத்தேன். என்ன செய்வார்களோ தெரியாது. உன் பெயரை அங்கே உரக்கப் படித்தபோது எனக்குக் கூசவில்லை. நீ வாயை மூடிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் கூசியது.

மேட்டுக்கு மறுபடி வண்டி வந்தால் முன்னால் போய் நிற்பேன். ஓட்டுகிறவரும் எவளோ ஒருத்தியின் அப்பாவாகத்தான் இருப்பார். திட்ட மாட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உன் கதையைச் சொல்லி, வாளியை இறக்காதீர்கள் என்பேன். மீறி இறக்கினால் அவர் பெயரையும் எழுதுவேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
தாழியை உடைத்த ஜேசிபி டிரைவர் முனுசாமியின் மூத்த மகள்,
கோமதி